வளர்மதிக்கு நான் வாசித்த உன் கடிதங்கள்

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு அனைவரும் நலம் என்று எழுதத்தான் கை போனது. இத்தனை வருடம் கடிதம் எழுதிப் பழகிய கை, அதற்கு வேறு தொடக்கம் தெரியாது. பிடித்து நிறுத்தினேன். நலமாக இருந்தால் நான் ஏன் மதுரையில் ஒரு ஆஸ்பத்திரி வராந்தாவில், சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு, பரீட்சை அட்டையை மடியில் வைத்து எழுதிக்கொண்டிருக்கப் போகிறேன்? இன்றைக்கு ஐம்பத்து மூன்றாம் நாள். உன் மனைவி உள்ளே மூன்றாம் கட்டிலில் படுத்திருக்கிறாள். மதியச் சாப்பாடு முடிந்து வார்டே கண்ணயரும் நேரம். எனக்கு முதுகு வலிக்கிறது, முட்டி வலிக்கிறது, ஐம்பத்து மூன்று நாளாகத் தரையில் பாய் விரித்துப் படுத்ததில் இடுப்பு என் இடுப்பாகவே இல்லை. ரிட்டையர் ஆன பிறகு ஓய்வாக இருக்கலாம் என்று நினைத்தவள் உன் அம்மா. ஆனாலும் இதை இன்று எழுதி முடித்துவிட வேண்டும். நீளமாகத்தான் வரும். நடுவில் நாலு வரியைத் தாண்டி ஓடிக் கடைசி வரிக்குப் போகிற உன் பழக்கத்தை இந்த ஒரு கடிதத்துக்காவது விட்டுவிடு.

உனக்கு இதுவரை நான் எழுதியது பாதிதான். சித்திரையில் லீவில் வந்து நீ திரும்பிப் போன பிறகு அவளுக்கு நாள் தள்ளிப்போனது, ஆறாம் மாதம் பிறந்ததும் உதிரம் கண்டது, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், இவ்வளவும் உனக்குத் தெரியும். டாக்டரம்மா எங்களிடம் சொன்னதை நான் உனக்கு எழுதவில்லை. பிள்ளைக்குச் சாப்பாடு போகிற நஞ்சுக்கொடி மேலே ஒட்டியிருக்க வேண்டியதாம். இவளுக்கு அது கீழே இறங்கி, பிள்ளை வெளியே வரும் வழியை மறித்துக்கொண்டு கிடக்கிறதாம். நடந்தால், குனிந்தால், கனம் தூக்கினால் எந்த நேரமும் உதிரம் கொட்டலாம். கொட்டினால் தாய், பிள்ளை இரண்டுக்கும் உத்தரவாதம் இல்லை. பிள்ளை பிழைக்கிற அளவுக்கு வளரும்வரை அவள் கட்டிலை விட்டு இறங்கவே கூடாது. தையில், பொங்கலை ஒட்டி, அவர்களே அறுத்து எடுப்பார்கள். "அதுவரைக்கும் இவளோட வேலை படுத்திருக்கிறதுதான்மா. இதையும் ஒரு வேலைன்னு நெனைங்க" என்றார் டாக்டரம்மா. நான் தலையை ஆட்டினேன். மனதுக்குள் என்ன நினைத்தேன் தெரியுமா? படுத்துக்கொண்டே பிள்ளை பெறுகிற காலம் வந்துவிட்டது என்று நினைத்தேன். முதல் தப்பு அது.

அப்படி நான் நினைத்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. உனக்கு இதுவரை சொன்னதில்லை. உனக்கு முன்னால் எனக்கு ஒரு பெண் பிறந்தது. ஏழாம் மாதமே பிறந்துவிட்டது. ஒரு பொழுது இருந்தது. அப்போது எனக்கு அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை, நம் ஊரிலிருந்து தினமும் போக வர நடை. வலிக்கிறது என்று சொன்னால் சோம்பேறி என்பார்கள் என்று சொல்லாமலே நடந்தேன். பிள்ளை போன பிறகும் பத்து நாளில் பள்ளிக்கூடத்துக்குப் போய் அ, ஆ எழுதிப் போட்டேன். யாரும் என்னைப் படுத்துக்கொள் என்று சொல்லவில்லை. நானும் பெருமையாகத்தான் நினைத்துக்கொண்டேன். அந்தப் பெருமையை வைத்துக்கொண்டு வளர்மதியை என்ன பாடு படுத்தினேன் என்பது இப்போதுதான் உறைக்கிறது. அவளுக்கு முதல் பிள்ளை ஐந்தாம் மாதம் கலைந்தது யார் செய்த தப்பும் இல்லை என்று டாக்டரம்மா சொன்னார். இரண்டாவது ஆறாம் மாதம் போனபோது, அவள் இடுப்பு இழுக்கிறது என்று சொல்லி மூன்று நாளாகியும் நான்தான் "நடந்தா சரியாப் போயிரும், போய்த் தண்ணி எடுத்துட்டு வா" என்றேன். அதனால்தான் போயிற்று என்று யாரும் சொல்லவில்லை. அதனால் இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை.

வார்டைப் பற்றிச் சொல்கிறேன், அவள் எங்கே கிடக்கிறாள் என்று உனக்குத் தெரிய வேண்டும். பன்னிரண்டு கட்டில். அவள் கட்டிலின் கால்மாட்டுக்கு இரண்டு செங்கல் வைத்து உயர்த்தியிருக்கிறார்கள், அதனால் தலை தாழ்ந்து கால் மேலே இருக்கும். அந்தச் சாய்வில் சாப்பிட்டால் தொண்டையிலேயே நிற்கும். முதல் வாரம் அவள் சரியாகச் சாப்பிடவே இல்லை. காரணத்தைச் சொல்லவும் இல்லை. பக்கத்துக் கட்டில் லூர்துமேரிதான் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். படுத்தபடியே தட்டு வைத்து வெளிக்குப் போக வேண்டும், அதை மாமியார் எடுக்க வேண்டும், அந்தக் கூச்சத்தில் பட்டினி கிடக்கிறாள் என்று. நான் போய் அவளிடம் சத்தம் போட்டேன். "நான் எத்தனை பிள்ளைக கால் கழுவி விட்டிருக்கேன், எனக்கென்ன கூச்சம்? தின்னு மொதல்ல." அவள் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். பிறகு தின்றாள். சத்தம் போடாமல் அதைச் சொல்லியிருக்கலாம். எனக்கு வாத்தியார் குரல் ஒன்றுதான் இருக்கிறது.

கட்டிலுக்குப் பழகுவது என்றால் லேசு என்று நினைத்துவிடாதே. முதல் பத்து நாள் அவள் காற்றாடியின் றெக்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மாட்டுக்கு யார் தவிடு வைக்கிறார்கள், அடுப்பு வாசலை யார் மெழுகினார்கள், கோழி முட்டையிட்டதா என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். பிறகு அந்தக் கேள்விகள் நின்றன. லூர்து எங்கிருந்தோ ஒயர் வாங்கி வரச் சொல்லிக் கூடை பின்னக் கற்றுக்கொடுத்தாள். கையை முகத்துக்கு மேலே தூக்கிப் படுத்தபடியே பின்னுவாள், கை கடுத்தால் நெஞ்சில் போட்டுக்கொள்வாள். தீபாவளிக்குப் பச்சையும் மஞ்சளுமாக ஒரு கூடை முடிந்தது. அன்றைக்குப் புதுச் சேலையைக் கட்டிக்கொள்ள முடியாது, எழுந்து நின்றால்தானே கட்ட. நான் பிரித்து அவள் மேலே போர்த்திவிட்டேன். வார்டில் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். வெளியே வெடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் வயிற்றில் கையை வைத்துக்கொண்டாள்.

இப்போது உன் கடிதங்களுக்கு வருகிறேன். நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். பட்டாளத்துக்குப் போன பிள்ளை அம்மா பெயருக்கோ அப்பா பெயருக்கோதான் எழுதுவான். பெண்டாட்டி பெயருக்குக் கடிதம் போட்டால் தபால்காரரே தெருவில் நின்று சிரிப்பார். உன் சித்தப்பா கல்யாணமான புதிதில் ஒரு தடவை அப்படிப் போட்டுவிட்டு, ஊர்க்காரர்களின் கேலியில் அடுத்த லீவுக்குத் தலைகாட்டாமல் இருந்தாரே. நீயும் ஒழுங்காக என் பெயருக்கே எழுதினாய். மாடு, கரும்பு வெட்டு, அப்பாவின் இருமல் எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் ஒரு வரி, "வளர்மதியைக் கேட்டதாகச் சொல்லவும்." ஐந்து வருடமாக அந்த ஒரு வரிதான். வீட்டில் இருந்தபோது அது எனக்கு உறுத்தவில்லை. அவளும் அடுப்படியில் இருந்தபடியே "ம்" என்று கேட்டுக்கொள்வாள்.

ஆஸ்பத்திரியில் உன் முதல் கடிதத்தை அப்பா கொண்டுவந்து கொடுத்தார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து பிரித்தேன். மாட்டை விசாரித்திருந்தாய். கரும்பை விசாரித்திருந்தாய். அவள் தலை தாழ்ந்து கிடந்தபடி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் லூர்து, எதிரே இன்னும் நாலு பேர், எல்லோருக்கும் காது இங்கேதான். அந்த ஒற்றை வரியை அத்தனை பேர் முன்னால் வாசிக்க எனக்கு வாய் வரவில்லை. "வளர்மதிக்கு" என்று ஆரம்பித்தேன். "நீ படுத்திருப்பதை நினைத்தால் எனக்கு இங்கே சாப்பாடு இறங்கவில்லை. இங்கே பனி கொட்டுகிறது. ராத்திரி காவல் நிற்கும்போது உன் நினைப்புத்தான். பிள்ளையை விட நீ எனக்கு முக்கியம்." பனி மட்டும் நீ எழுதியது. மற்றதெல்லாம் நான். வாசித்து முடித்து நிமிர்ந்தால் லூர்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வளர்மதி அன்றைக்குத் தானாகவே ஒயரை எடுத்துப் பின்ன ஆரம்பித்தாள்.

அதற்குப் பிறகு விட முடியவில்லை. உன் கடிதம் வருகிற நாள் வார்டுக்கே திருநாள். "டீச்சரம்மா, பட்டாளத்துக்காரர் லெட்டர் வந்துருச்சா?" என்று வாசலிலேயே பிடித்துக்கொள்வார்கள். தலைசீவிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். நர்சு ஒருத்தி ஊசி போடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "இந்த மாதிரி ஒரு ஆம்பளையா! எங்க வீட்டுல இருக்கே ஒண்ணு" என்று ஆளாளுக்குத் தங்கள் வீட்டுக்காரரைத் திட்டினார்கள். எனக்கும் வாய்க்கு வந்தது வந்தபடி பெருகிக்கொண்டே போனது. நீ அவளை முதல்முதலில் பார்த்த நாள், அவள் குழம்பின் ருசி, பிள்ளைக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று எல்லாம் எழுதினாய், நீ எழுதாமலே. எங்கிருந்து இவ்வளவு வந்தது என்று நானே யோசித்தேன். உன் அப்பா எனக்குக் கடிதம் எழுதியதில்லை. எழுதியிருந்தால் இப்படி எழுதியிருக்கலாம் என்று நான் ஆசைப்பட்டதைத்தான், இந்த வயதில், அவளுக்கு வாசித்துக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

நான் செய்ததில் பெரிய தப்பு இதுவல்ல. இரண்டாவது பிள்ளை போன மாதத்தில் உனக்கு நான் எழுதிய கடிதம் ஞாபகம் இருக்கிறதா? இன்னொரு தடவை பார்ப்போம், அதுவும் நிலைக்காவிட்டால் உன் மாமா மகளைக் கேட்டு வைக்கிறேன், அவர்களுக்குச் சம்மதம்தான், வளர்மதியும் வீட்டோடு இருந்துகொள்ளட்டும் என்று எழுதினேன். நீ பதில் எழுதவில்லை. வேண்டாம் என்றும் எழுதவில்லை. நானும் அதை மறந்த மாதிரி இருந்தேன். முப்பத்தோராம் நாள் உன் கடிதம் வந்தது. அதில் நீ எழுதியிருந்தாய்: "இதுவும் நிலைக்காது போலத் தெரிகிறது. நீங்களும் வீணாக ஆஸ்பத்திரியில் கிடந்து கஷ்டப்பட வேண்டாம். வீட்டுக்கு அழைத்துப் போய்விடுங்கள். ஆகிறபடி ஆகட்டும். அப்புறம் நீங்கள் அன்று எழுதியபடி செய்துகொள்ளலாம்."

உன்னைத் திட்டத்தான் வாய் வருகிறது. ஆனால் அந்த எண்ணம் நான் உன் தலையில் போட்டது. என் எழுத்துத்தான் ஒரு வருடம் கழித்து உன் கையெழுத்தில் திரும்பி வந்தது. அன்றைக்கும் எல்லோரும் காத்திருந்தார்கள். நான் அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு, வாய் கூசாமல், "வளர்மதி, நீ பத்திரமாகப் படுத்திரு, நான் தையில் வந்துவிடுகிறேன்" என்று வாசித்தேன். மடித்துப் பையில் வைத்துவிட்டு வெந்நீர் பிடிக்கக் கீழே போனேன். அங்கே நாலு பேர் வரிசையில் நின்றார்கள். நானும் நின்றேன். கொஞ்ச நேரம் தனியாக நிற்கக் கிடைத்ததே என்றுதான் இருந்தது.

அவளுக்கு வாசிக்கத் தெரியாதா என்ன? எட்டாவது வரை படித்தவள். அவள் ஊரில் அவளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர் எனக்குத் தெரிந்தவர்தான். மாமியார் பெயருக்கு வந்த கடிதத்தை மருமகள் கையில் எடுக்கக் கூடாது என்பதால் எடுக்காமல் இருந்தாள். அவ்வளவுதான். நான் கீழே போனதும் லூர்து, "அந்தத் தையில வாரேன்னு எழுதியிருக்காரே, அத இன்னொரு தடவ வாசியேன், கேக்க நல்லாருக்கு" என்று பையை எட்டி எடுத்துக் கொடுத்திருக்கிறாள். பாவம், அவளுக்கு எழுத்து தெரியாது. தெரிந்திருந்தால் அவளாகவே வாசித்துவிட்டு மறைத்திருப்பாள். வளர்மதி ஒன்றல்ல, பையில் இருந்த உன் கடிதங்கள் எல்லாவற்றையும் வாசித்திருக்கிறாள்.

நான் வெந்நீரோடு படியேறி வந்தபோது அவள் நின்றுகொண்டிருந்தாள் தம்பி. முப்பத்தோரு நாள் தரையில் கால் படாதவள், கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, கலைந்த சேலையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். கால் இரண்டும் கிடுகிடுவென்று ஆடின. லூர்து கத்திக்கொண்டிருந்தாள். "படு! படுத்துரு!" என்று நான் போட்ட சத்தத்தில் ஆயா ஓடிவந்தாள். வளர்மதி என்னைப் பார்த்து ரொம்ப அமைதியாகச் சொன்னாள். "வீட்டுக்குப் போறேன் அத்த. அவுகதான் கூட்டிட்டுப் போகச் சொல்லியிருக்காகளே. இம்புட்டு நாளு நீங்களும் எதுக்குக் கஷ்டப்பட்டுக்கிட்டு." ஒரு அடி வைத்தாள். இரண்டாவது அடி வைப்பதற்குள் அவள் காலடியில் தரை சிவந்துவிட்டது. வெந்நீர்ப் பாத்திரத்தை எங்கே போட்டேன் என்று எனக்குத் தெரியாது. என் காலில் கொட்டியிருக்கிறது, தோல் உரிந்ததை மறுநாள்தான் பார்த்தேன்.

ரத்தம் வேண்டும், வீட்டு ஆட்களைக் கூப்பிடுங்கள் என்றார்கள். அன்று பார்க்க வந்த உன் அப்பாவும் சித்தப்பாவும் இன்னும் இரண்டு பங்காளிகளும் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். வாடிவாசலில் கொம்பு கிழித்துத் தொடையில் பதினாறு தையல் போட்டுக்கொண்டவர் உன் சித்தப்பா. அந்தத் தழும்பைக் காட்டாத விருந்தாளி இல்லை. ரத்தம் என்றதும் அவர் முகம் வெளுத்ததைப் பார்க்க வேண்டுமே. "மதினி, மாட்டுக்கிட்ட போற ரத்தம் வேற, ஊசி வச்சு உறிஞ்சுற ரத்தம் வேற. வெள்ளாம வேல கெடக்கு, ஒடம்புல தெம்பு வேணும்ல" என்றார். பங்காளிகள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றார்கள். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. நான் நீட்டிய கையை, உங்களுக்கே ரத்தம் பற்றாது என்று நர்சு தள்ளிவிட்டாள். இருமிக்கொண்டே உன் அப்பா போனார். முதலில் அவரையும் வேண்டாம் என்றார்கள். "சாதா இருமல்தான்ம்மா, எடுங்க. நம்ம வீட்டுப் பிள்ள" என்று சட்டைக் கையைச் சுருட்டினார். பரிசோதித்துப் பார்த்து ஒரு பாட்டில் எடுத்தார்கள். லூர்துவின் வீட்டுக்காரர் இன்னொரு பாட்டில் கொடுத்தார். அவர் சுமை தூக்குகிறவர், கொடுத்துவிட்டு நேரே வேலைக்குப் போனார். உன் அப்பாவை நான் இத்தனை வருடம் சரியாகப் பார்க்கவில்லையோ என்று அன்றைக்கு நினைத்தேன்.

உதிரம் நின்றது. டாக்டரம்மா மரக் குழலை வயிற்றில் வைத்து நெடுநேரம் கேட்டுவிட்டு, துடிப்பு இருக்கிறது என்றார். இன்னொரு தடவை இப்படி ஆனால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்றும் சொன்னார். அதற்குப் பிறகு வளர்மதி என்னோடு பேசவில்லை. ஆறு நாள். சோறு ஊட்டினால் வாயைத் திறப்பாள், மூடுவாள். வார்டிலும் யாரும் என்னைக் கடிதம் கேட்கவில்லை. கோபித்துக்கொண்டார்கள் என்றால்கூடத் தாங்கியிருப்பேன், பாவம் என்று பார்த்தார்கள். ஏழாம் நாள் நான் தலை சீவிவிடும்போது அவள் கேட்டாள்.

"பனி விழுகுதுன்னு வாசிச்சீங்களே. அதாச்சும் நெசமா அத்த?"

"அதான் நீயே பாத்தியே. அது நெசம்தான்" என்றேன்.

"கண்ணு அதுல நிக்கல" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப அங்க குளிரத்தான் செய்யும்" என்றாள். உனக்குக் குளிருமே என்றுதான் சொன்னாள், அதைக் கவனி. உன் கடிதத்தை வாசித்த பிறகும் அவள் வாயில் அதுதான் வந்தது. எனக்குத் தாங்கவில்லை. சீப்பைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டாம் கல்யாணப் பேச்சு உன்னுடையது அல்ல, நான் ஆரம்பித்தது என்றேன். தண்ணீர் எடுக்கப் போகச் சொன்னதைச் சொன்னேன். செத்துப்போன என் பெண்ணைச் சொன்னேன். மன்னித்துவிடு என்று மாமியார் மருமகளிடம் சொல்கிற வழக்கம் நம் பக்கம் இல்லை, எனக்கு அந்த வார்த்தை வரவில்லை. "நான் பண்ணினது பாவம் ஆத்தா" என்று மட்டும் சொன்னேன். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அந்தப் பிள்ளைக்குப் பேரு வச்சீகளா?" என்று கேட்டாள். வைக்கவில்லை என்றேன். வேறு ஒன்றும் அவள் கேட்கவில்லை. என்னை மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. இப்போது பேசுகிறாள், சாப்பிடுகிறாள், கூடை பின்னுகிறாள். ஒவ்வொரு நாளும் காலையில் எத்தனையாவது நாள் என்று என்னிடம் கேட்டுக்கொள்கிறாள். பிள்ளை நன்றாக உதைக்கிறது.

உன் சித்தப்பா நேற்று வந்து, "மதினி, உங்களுக்குச் சீரியஸ்ன்னு ஒரு தந்தி அடிச்சா பய மறுநாளே கெளம்பிருவான், லீவும் குடுத்துருவாங்கெ" என்றார். வேண்டாம் என்றேன். இந்தக் கட்டிலைச் சுற்றி நான் சொன்ன பொய்யே போதும். உள்ளதை எழுதுகிறேன். உன் மனைவி இன்னும் ஐந்தாறு வாரம் இப்படியே கிடக்க வேண்டும். அறுக்கிற அன்றைக்கு மறுபடியும் ரத்தம் தேவைப்படும். பிழைப்பாளா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன், பார்ப்போம் என்றார். அந்தப் பார்ப்போம் என்ற சொல்லோடுதான் நான் தினமும் எழுந்திருக்கிறேன். டாக்டரம்மா சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார், இதோடு வைத்திருக்கிறேன். அதை உன் ஆபீசரிடம் காட்டி லீவு கேள். வெட்கப்படாதே. பெண்டாட்டி பிரசவத்துக்கு லீவு கேட்கிறான் என்று உன் கூட்டாளிகள் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும், அவர்களா வந்து இங்கே கிடக்கிறார்கள்? லீவு கிடைக்காவிட்டால் அவள் பெயருக்கு எழுது. வார்டு, கட்டில் எண் எல்லாம் போட்டு, அவள் பெயரைப் பெரிதாக எழுது. அழகாக எழுத வேண்டாம். நான் வாசித்த மாதிரி எழுத உனக்கு வராது, வர வேண்டிய அவசியமும் இல்லை. நீ எழுதியதில் உனக்கு வருத்தம் இருந்தால் அதை எழுது. வருத்தம் இல்லை என்றால், அதையும் அவளுக்குத் தெரிகிறபடி எழுது. அவள் எதை நம்பி அந்தக் கட்டிலில் கிடக்கிறாள் என்பது அவளுக்குத் தெரிய வேண்டும்.

ஒன்று மட்டும் முடிவாகச் சொல்லிவிடுகிறேன். பிள்ளை நிலைத்தாலும் சரி, நிலைக்காவிட்டாலும் சரி, மாமா வீட்டுக்கு நான் பெண் கேட்டுப் போக மாட்டேன். முன்பு கேட்டு வைத்தது அப்படியே நிற்கக் கூடாது என்று நேற்றே அப்பாவை அனுப்பிச் சொல்லிவிட்டேன். அவர்கள் கோபித்துக்கொண்டார்களாம். கோபம் தீர்கிறபோது தீரட்டும். நீயாக வேறு ஏற்பாடு செய்துகொண்டு வந்தால், வாசலை மறித்து நிற்கப்போவது நான்தான். வளர்மதி வீட்டுக்குள்ளே இருப்பாள். இதை எழுதும்போது எனக்குக் கோபம் இல்லை. அலுப்புத்தான். உன்னை வளர்த்ததில் எங்கே எதைச் சொல்லிக்கொடுக்காமல் விட்டேன் என்று யோசித்து யோசித்து வந்த அலுப்பு.

இந்த இடம்வரை எழுதிவிட்டு, உள்ளே போய், அவள் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு முழுவதையும் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். ஒரு எழுத்துக்கூட மாற்றவில்லை. தண்ணீர் எடுக்கப் போகச் சொன்ன இடத்தில் கண்ணை மூடிக்கொண்டாள். சித்தப்பா கதைக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரித்தால் வயிறு குலுங்கும் என்று வாயைப் பொத்திக்கொண்டாள். முடித்ததும், "இம்புட்டையும் அனுப்பப் போறீகளா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். நீ ஏதாவது சொல்ல வேண்டுமானால் சொல், எழுதுகிறேன் என்றேன். அவள் சொன்னதைக் கீழே அப்படியே எழுதியிருக்கிறேன், என் சொல் ஒன்றையும் சேர்க்கவில்லை.

"வர்றதுன்னா வரச் சொல்லுங்க. எனக்காக வர வேணாம், வரணும்னு இருந்தா வரட்டும். வரலைன்னாலும் நான் இந்தக் கட்டில விட்டு எறங்க மாட்டேன். அன்னைக்கு எறங்குனது அவுகள நம்பிப் படுத்திருந்ததால. இப்ப அப்பிடி இல்ல. இது என் பிள்ள, நான் படுத்திருக்கேன்."

அம்மா